வாசனை எண்ணெய் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு எம்.எஸ்சி மாணவி, "மேடம், மொத்தம் 42 காம்பவுண்ட் வந்திருக்கு" என்று ஜிசி-எம்எஸ் (எண்ணெயின் கூறுகளைக் குழாயில் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காட்டும் கருவி) அறிக்கையை நீட்டினாள். பிடிஎஃப்பில் வெறும் பெயர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பல்லெல்லாம் தெரிய நீட்டினேன். பாத்திரம் கழுவுவது, புட்டியில் லேபிள் ஒட்டுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

லைப்ரரி சொன்ன பெயரை அப்படியே எழுதுவது

என் முதல் செடி கற்பூரவல்லி, வீட்டு மாடித் தொட்டியில் வளர்ந்தது. க்ளெவெஞ்சர் என்ற எண்ணெய் வடிக்கும் கண்ணாடிக் கருவியில் மூன்று மணி நேரம் காய்ச்சினால் தண்ணீருக்கு மேல் மஞ்சளாக ஒரு மெல்லிய படலம் நிற்கும். அதைச் சேர்த்துச் சேர்த்து வெளியே ஒரு கருவிக்கூடத்துக்குக் காசு கட்டி அனுப்பினேன். வரைபடத்தின் பெரிய பீக்கிற்கு நேராக, லைப்ரரி (மென்பொருளில் உள்ள சேர்மப் பட்டியல்) சொன்னபடி 'தைமால்' என்று வந்தது. சந்தேகமே வரவில்லை. சென்னையில் பல வீடுகளில் அந்தச் செடிக்கு ஓமவல்லி என்றுதான் பெயர். ஓமத்தின் வாசனைக்குக் காரணம் தைமால். மூக்கும் லைப்ரரியும் ஒரே பதிலைச் சொன்னால் வேறென்ன வேண்டும்?

அது கார்வக்ரால்.

இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 150. கருவியின் நிறை அளக்கும் பகுதியான எம்எஸ்ஸில் உடைந்தால் இரண்டிலும் உயரமான கோடு 135இல்தான். வளையத்தில் ஓஎச் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. மென்பொருள் இரண்டு பெயரையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு அடுத்தடுத்து வைக்கும். எது மேலே வரும் என்பது அதிர்ஷ்டம்.

இரண்டையும் பிரித்துச் சொல்வது ரிடென்ஷன் இண்டெக்ஸ், அதாவது ஒரு சேர்மம் ஜிசி குழாயைவிட்டு எப்போது வெளிவருகிறது என்று காட்டும் எண். 1958இல் கோவாட்ஸ் கொண்டுவந்தது. வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போகும் ஓட்டத்துக்கு ஏற்ற கணக்கை 1963இல் வான் டென் டூலும் கிராட்ஸும் தந்தார்கள். ஆல்கேன் (கார்பன் சங்கிலி ஹைட்ரோகார்பன்) கலவையை அதே குழாயில், அதே வெப்ப ஓட்டத்தில் விட்டு, நம் பீக் எந்த இரண்டு ஆல்கேனுக்கு நடுவே விழுகிறது என்று பார்க்க வேண்டும். டிபி-5 வகைக் குழாயில் தைமால் 1290 பக்கம் வரும். கார்வக்ரால் 1300ஐ, அதாவது 13 கார்பன் ஆல்கேனை, கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு வரும். கூடுதலாக ஒரே ஒரு ஓட்டம். அதை நான் கேட்டு வாங்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தைமால் வாங்கினேன். வெள்ளைப் படிகம், உருக 50 டிகிரி வேண்டும், அக்னி நட்சத்திரத்தில்கூடப் புட்டிக்குள் அசையாது. கார்வக்ராலோ அறை வெப்பத்திலேயே திரவம். அந்தப் படிகத்தை வைத்து நான்கு மாதம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி மேல் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு) பார்த்து, எண்ணெயின் வீரியத்துக்கு இதுவே காரணம் என்று ஒரு கதையும் எழுதினேன். கட்டுரையைப் பரிசீலித்த ரிவ்யூவர் ஒரே வரியில் கேட்டார்: இண்டெக்ஸ் எங்கே? கருவிக்கூடத்தில் குழாயை மாற்றிவிட்டார்கள், மூலக் கோப்பும் இல்லை. என்னிடம் எண்ணெய் தீர்ந்திருந்தது. மறுபடி இலை பறித்தால் பருவம் வேறு, எண்ணெயின் விகிதமும் வேறு. எல்லாம் முதலிலிருந்து. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

சாம்பிள் கொடுக்கும்போதே ஆல்கேன் ஓட்டத்தையும் மூலக் கோப்பையும் கேட்டுவிடுங்கள். அப்புறம், செடியின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். கற்பூரவல்லியிலேயே தைமால் மிகுந்தவையும் உண்டு.

'சிலோக்ஸேன்' மூலிகைச் சத்து அல்ல

73, 207, 281 என்று கோடுகள் வந்தால் அது சிலோக்ஸேன் என்னும் சிலிக்கான் சேர்மம்; குழாயிலிருந்தோ, ஊசி குத்தும் ரப்பர் மூடியான செப்டத்திலிருந்தோ கசிந்தது. அந்த மாணவியின் 42இல் ஐந்து இப்படிப் போயின.

96 குழித் தட்டில் பக்கத்து வீட்டு ஆவி

எம்ஐசி பார்க்கும் தட்டில் எண்ணெய் தன் குழியோடு நிற்காது. அதன் ஆவி பக்கத்துக் கன்ட்ரோல் குழியிலும் கிருமியை அடக்கிவிடும். தட்டுக்கு ஒரே எண்ணெய், நடுவில் காலிக் குழிகள், மேலே ஒட்டும் படலம். லைமோனீன் மிகுந்த எண்ணெய் என்றால் இன்னொரு தொல்லை: அது தட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அரித்துக் கலங்கலாக்கும், கலங்கலை அளக்கும் ரீடர் அதையும் வளர்ச்சி என்று படிக்கும்.

மெத்தனால் சாறு

இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்தது நறுமண எண்ணெய் இல்லை.

டிஸ்க் வட்டத்தை அளந்து வீரியம் சொல்வது

காகித டிஸ்கில் நனைத்து வைத்த எண்ணெய், கிருமி வளரும் அகார் ஜெல்லில் ஒழுங்காகப் பரவாது, பாதி ஆவியாகவே போய்விடும். எம்ஐசி பாருங்கள், ட்வீன் 80 (எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைப்பது) மட்டும் போட்ட குழி ஒன்றும் கூடவே இருக்கட்டும்.