சிஓபிடிக்கு இரண்டு இன்ஹேலர் மருந்துகளைச் சேர்த்து எடுக்கும்போது

சிஓபிடி என்பது மூச்சுக்குழல் குறுகி மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய். இதில் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்த இரண்டு வழிகள் உண்டு. பீட்டா-2 ஏற்பியைத் தூண்டினால் தசை தளரும். ஃபார்மோட்டெரால், இன்டகாட்டெரால் இந்த வேலையைச் செய்கின்றன (லாபா வகை, அதாவது நீண்ட நேரம் வேலை செய்யும் பீட்டா-2 தூண்டிகள்). வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்து தசையை இறுக்கும். டையோட்ரோபியம், கிளைகோபைரோனியம் அதைத் தடுக்கின்றன (லாமா வகை, அதாவது நீண்ட நேரம் வேலை செய்யும் அசிட்டைல்கோலின் தடுப்பிகள்). வழி வேறு என்பதால், ஒன்றின் அளவைக் கூட்டுவதைவிட இரண்டையும் சேர்ப்பதில் பலன் அதிகம்.

முதலில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் பரிசோதனை) அவசியம். மூச்சுக்குழலைத் தளர்த்தும் மருந்து கொடுத்த பிறகும் எஃப்இவி1-எஃப்விசி விகிதம் (முதல் ஒரு விநாடியில் ஊதும் காற்றுக்கும் மொத்தம் ஊதும் காற்றுக்கும் உள்ள விகிதம்) 0.7க்குக் கீழே நின்றால் சிஓபிடி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்துமாவும் கலந்திருந்தால் ஸ்டீராய்டு இல்லாத லாபா ஆபத்து. சிறுவயதிலிருந்தே வீசிங் இருந்ததா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்டகாட்டெரால் 110 மைக்ரோகிராம், கிளைகோபைரோனியம் 50 மைக்ரோகிராம் சேர்ந்த கேப்சூல் தினம் ஒன்று. டையோட்ரோபியம் 18, ஃபார்மோட்டெரால் 12 சேர்ந்த கேப்சூலும் தினம் ஒன்றுதான். இதில் ஒரு சிக்கல்: டையோட்ரோபியம் 24 மணி நேரம் தாங்கும், ஃபார்மோட்டெரால் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். மாலையில் இரைப்பு வருகிறதே என்று அதே கேப்சூலை இன்னொன்று போட்டால் டையோட்ரோபியமும் இரட்டிப்பாகிவிடும். இரவுக்குத் தனி ஃபார்மோட்டெரால் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேப்சூல் கருவியில் முதலில் மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், ஆனால் கருவிக்குள் ஊதாதீர்கள். ஈரம் பட்டால் பொடி கட்டிப்போகும். உதட்டை இறுக்கி, வேகமாக, ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்குங்கள். பிறகு திறந்து பாருங்கள்: பொடி ஒட்டியிருந்தால் மறுபடி இழுக்க வேண்டும். கேப்சூலை விழுங்கவே கூடாது. பம்ப் இன்ஹேலருக்கு நேர்மாறு, மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்பேசரில் (பம்ப்போடு பொருத்தும் காற்றுக்கூடு) ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டும். இரண்டு வகைக் கருவியும் ஒரே வீட்டில் இருந்தால் பழக்கம் குழம்பிவிடும். முடிந்தவரை ஒரே கருவியில் இரண்டு மருந்தும் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, ஒரே வகையை இரண்டு முறை எடுப்பது. சால்மெட்டெரால்-ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலரில் ஏற்கெனவே லாபா இருக்கிறது. இப்ராட்ரோபியம் நெபுலைசரும் (மருந்தைப் புகைபோல் ஆக்கிக் கொடுக்கும் கருவி) டையோட்ரோபியமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. திடீர் இரைப்புக்குக் கையில் சால்புட்டமால் (வேகமாக வேலை செய்யும் இன்ஹேலர்) இருக்கட்டும்.

வாய் வறட்சி பொதுவானது, கை நடுக்கமும் வரலாம். சிறுநீர் அடைத்தாலோ படபடப்பு நீடித்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் நெபுலைசருக்கு மாஸ்க்குக்குப் பதில் வாயில் வைக்கும் குழாயையே கேட்டு வாங்குங்கள். இப்ராட்ரோபியம் புகை கண்ணில் பட்டால் கண் அழுத்தம் கூடும்.