பள்ளிக்கரணை மாதிரி ஒரு ஏரியா எப்படி மாறுச்சுன்னு ஆராய்ச்சி பண்றது எப்படி?

ப்ராஜெக்ட்டுக்கு "சென்னையின் நகர வளர்ச்சி"ன்னு தலைப்பு எடுக்காதீங்க, ரொம்பப் பெருசு, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. ஒரு ஏரியா, ஒரு கேள்வி போதும். தென் சென்னையில இருக்குற பள்ளிக்கரணையை எடுத்துக்குவோம், சதுப்பு நிலத்தை ஒட்டி வீடுங்க எப்போ, எந்தப் பக்கமா வந்துச்சு? இதுதான் கேள்வி.

முதல்ல சென்சஸ். 2011 டேபிள்ல சென்னை மாவட்டத்துக்குள்ள பள்ளிக்கரணையைத் தேடினா கிடைக்காது, ஏன்னா அப்போ அது காஞ்சிபுரம் மாவட்டத்துல ஒரு பேரூராட்சி. அந்த வருஷக் கடைசியிலதான் மாநகராட்சியோட சேர்ந்துச்சு, மாவட்டம் மாறினது 2018ல. மாநகராட்சிப் பரப்பும் 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 ஆச்சு. சென்னை மக்கள்தொகை 46 லட்சம்னு போட்டிருக்கே, அது பழைய எல்லைக்கான கணக்கு, அதை 426ஆல வகுத்து அடர்த்தி போட்டா மொத்தமும் தப்பு. தயவுசெஞ்சு எல்லையைப் பார்த்துட்டு அப்புறம் நம்பரைத் தொடுங்க, நிறைய பேர் வழுக்கி விழுறது இங்கதான்.

அடுத்து சாட்டிலைட் படம். லேண்ட்சாட்ங்கிற அமெரிக்க சாட்டிலைட்டுங்க எடுக்குற படம் இலவசம், 1980கள்ல இருந்து 30 மீட்டர் அளவுல கிடைக்குது. அதாவது படத்துல ஒரு கட்டம் தரையில 30க்கு 30 மீட்டர், அதுக்குள்ள நாலு கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) அடங்கிடும், தனி வீடு தெரியாது, காலனி தெரியும். 2015க்கு அப்புறம்னா சென்டினல்-2ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட் படத்தை எடுங்க, அதுல 10 மீட்டர். எல்லாத்தையும் கியூஜிஐஎஸ்ங்கிற (QGIS) மேப் சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்க்கலாம், அதுவும் இலவசம்தான். ஆனா ஒரு வருஷத்து மே மாசப் படத்தையும் இன்னொரு வருஷத்து டிசம்பர் படத்தையும் பக்கத்துல வைக்காதீங்க, மழைக்கு அப்புறம் சதுப்பு முழுக்கத் தண்ணி நிக்கும், கோடையில காஞ்சு வெறும் தரை மாதிரி இருக்கும், அதைப் பார்த்துட்டு நிலம் அழிஞ்சுடுச்சுன்னு எழுதிடுவீங்க.

அப்புறம் நடங்க, இதை மட்டும் விட்றாதீங்க. தெருவுல வீட்டு வாசலைப் பாருங்க. ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு பழைய வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழ போயிருக்கும், பக்கத்துலயே புதுசா கட்டின வீடு நாலு படி ஏறுற மாதிரி நிக்கும். எது முன்னாடி வந்ததுன்னு ஒரு யூகம் கிடைச்சிடும். டேப் வச்சு உயரத்தை அளந்து மேப்புல குறிச்சுக்கங்க.

ஆட்கள்கிட்ட பேசும்போது "எந்த வருஷம் வந்தீங்க?"ன்னு நேரா கேட்டா சரியா ஞாபகம் வராது. "நீங்க வீடு கட்டும்போது பக்கத்துல என்னங்க இருந்துச்சு, 2015 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?"ன்னு கேளுங்க, சுவத்துலயே கை வச்சுக் காட்டுவாங்க. சர்வேன்னு சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு பயப்படுறவங்களும் இருக்காங்க, அதனால எதுக்குக் கேக்குறீங்கன்னு முதல்லயே சொல்லுங்க, பேரு, டோர் நம்பர் எழுதாதீங்க. பகல்ல மட்டும் போனா வேலைக்குப் போறவங்க யாரும் மாட்ட மாட்டாங்க, ஞாயித்துக்கிழமையும் ஒரு ரவுண்டு போங்க.

சாட்டிலைட் படம் ஒண்ணு சொல்லி, அந்தத் தெருக்காரர் வேற சொன்னா ரெண்டையும் எழுதி வச்சுட்டு, பத்திரப் பதிவுல அந்த இடம் மனையா எப்போ மாறுச்சுன்னு பாருங்க.