செகண்ட்ஹேண்ட் கார் பார்க்கும்போது கம்பெனி மியூசிக் செட்டை எப்படியெல்லாம் தப்பாகக் கேட்கிறோம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரை பைபாஸ் ரோடு பக்கம் ஒரு யார்டில் இரண்டு கார் பார்த்தேன். முதல் காரில் கடைத் தம்பி நாலு கதவையும் திறந்துவைத்து, தன் போனிலிருந்து ஒரு குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் விட்டார். "பேஸு நெஞ்சுல அடிக்குதாண்ணே?" அடித்தது. இரண்டாவது காரில் எஃப்எம் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் காரையே வாங்கிவிட்டேன். மறுநாள் வீட்டு வாசலில் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டால், ஜால்ரா மட்டும் வலது மூலையில் ஒண்டிக்கொண்டு கேட்கிறது. இடது ட்வீட்டர், அதாவது ஜால்ரா மாதிரிக் கீச்சு ஒலிகளுக்கான குட்டி ஸ்பீக்கர், செத்து எத்தனை மாசமோ.

அன்றைக்கு நான் ஒப்பிட்டது இரண்டு செட்டை அல்ல, இரண்டு பாட்டை. அதுவும் வேறு வேறு சத்தத்தில். கூடுதல் சத்தத்தில் ஓடுவது எப்போதும் நன்றாக இருப்பதுபோல்தான் காதுக்குப் படும். வித்தியாசம் ஒரு டெசிபல்தான் என்றாலும் ஏமாந்துவிடுவோம். ஒரு காரில் வால்யூம் 15 என்பதும் இன்னொரு காரில் 15 என்பதும் ஒன்றல்ல. போனில் சத்தம் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு, டிரைவர் சீட்டின் தலைப்பக்கம் வைத்து, இரண்டு காரிலும் ஒரே அளவு வரும்படி வால்யூமை வைத்துக்கொண்டு கேளுங்கள். கதவும் கண்ணாடியும் மூடியிருக்கட்டும்.

பாட்டு உங்களுடையதாக இருக்கட்டும், பென்டிரைவில். புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும். போதாததற்குப் போனின் வால்யூம், போனில் உள்ள ஈக்குவலைசர் எல்லாம் குறுக்கே வரும். மூன்று பாட்டு போதும்: தனிக்குரல் ஒன்று, தவிலோ மிருதங்கமோ நன்றாகக் கேட்கிற ஒன்று, ஜால்ராவோ சலங்கையோ உள்ள ஒன்று. காரில் உட்கார்ந்ததும் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆர்க்கமிஸ் என்று திரையில் வந்தால் அதை ஸ்பீக்கர் பிராண்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் சாஃப்ட்வேர் டியூனிங். அடியில் இருப்பது சாதாரண ஸ்பீக்கராகவே இருக்கலாம்.

அடுத்து, எண்ணிக்கை. "எட்டு ஸ்பீக்கர் சார்" என்றதும் நாம் விழுந்துவிடுகிறோம். 2017-இல் வந்த டாடா நெக்ஸானின் டாப் மாடலில் ஹார்மன் செட்டுக்கு எட்டுக் கணக்கு: நாலு ஸ்பீக்கர், நாலு ட்வீட்டர். 2019-இல் வந்த கியா செல்டாஸில் மேல் வேரியண்ட்களுக்குக் கிடைத்த போஸ் செட்டுக்கும் எட்டுதான். ஆனால் அந்த எட்டில் டேஷ்போர்டு நடுவில் ஒன்று, டிக்கிப் பக்கம் பேஸுக்கென்றே இருக்கும் சப்ஊஃபர் ஒன்று. அதே காரின் கீழ் வேரியண்டில் போஸே கிடையாது. 2019-இல் வந்த டாடா ஹாரியரும் அப்படித்தான், அப்போது ஜேபிஎல் ஒன்பது ஸ்பீக்கர் டாப் மாடலுக்கு மட்டும். பெயரை மட்டும் பார்த்து "ஹாரியர்னா சவுண்டு சூப்பர்" என்றால் எந்த ஹாரியர் என்று கேட்க வேண்டும்.

ஸ்பீக்கர் வலையில் ஒட்டியிருக்கும் பிராண்டு முத்திரையையும் நம்ப வேண்டியதில்லை. அந்த மாதிரி முத்திரை ஆக்சசரீஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இன்சூரன்ஸ் பேப்பரில் வேரியண்ட் பெயர் இருக்கும், ஆர்சியில் மாடல் என்ற இடத்திலும் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து அந்த வருஷத்துக் கம்பெனி பிரோஷரைத் தேடிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். செட்டின் மேல் எழுதியிருக்கும் "50 வாட், நாலு சேனல்" கதையும் இந்த ரகம்தான். அது ஒரு நொடி உச்சம். தொடர்ந்து கொடுப்பது சேனலுக்கு 20 வாட் பக்கம்தான்.

சரி, பிராண்டும் வேரியண்டும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பழைய காரில் அதைவிடப் பெரிய கேள்வி, அந்த ஸ்பீக்கர் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி மாட்டுத்தாவணியில் அரை நாள் நிறுத்திய காருக்குள் கை வைக்க முடியாது. காகிதக் கூம்பைச் சுற்றி ஃபோம் வளையம் இருக்கும் ஸ்பீக்கராக இருந்தால் அந்த வளையம் வருஷக்கணக்கில் காய்ந்து பொடியாக உதிரும். ரப்பர் வளையம் தாங்கும். செடான் கார்களில் பின் கண்ணாடிக்கு அடியில் படுத்திருக்கும் ஸ்பீக்கருக்குத்தான் வெயிலின் முழு அடி. கதவு ஸ்பீக்கருக்கு எதிரி வேறு: கண்ணாடி மோட்டாரை ரிப்பேர் செய்தபோது உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால், மழைத்தண்ணீர் நேராக ஸ்பீக்கர் மேல்தான்.

இதைக் கண்டுபிடிக்க, சத்தத்தை முன்னும் பின்னும் தள்ளும் ஃபேடரும், இடமும் வலமும் தள்ளும் பேலன்ஸும் போதும். சத்தத்தை முன் இடது மூலைக்கு மட்டும் தள்ளிக் கேளுங்கள். அப்புறம் முன் வலது, பின் இரண்டு. முதலில் மிகக் குறைந்த சத்தத்தில். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசினால் அந்தக் கரகரப்பு அப்போதுதான் காதில் விழும், சத்தம் ஏறினால் பாட்டில் மறைந்துவிடும். அப்புறம் பாதி வால்யூமில் தவில். "டர்ர்" என்று அதிர்ந்தால் பதறாமல் கதவு அட்டையைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் தளர்ந்த கிளிப்தான், செலவு பெரிதில்லை. நிற்காவிட்டால் ஸ்பீக்கர். ட்வீட்டரைப் பெரும்பாலும் ஃபேடரால் பிரிக்க முடியாது, அது கதவு ஸ்பீக்கரோடு ஒரே சேனலில் போகும். அதனால் முன்தூண் பக்கம் காதைக் கொண்டுபோய் ஜால்ரா கேட்கிறதா என்று பாருங்கள். யார்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். நான் இதைச் செய்யாமல்தான் மாட்டினேன். சப்ஊஃபர் இருந்தால் அதன் மேல் கையை வைத்துப் பாருங்கள், அதிர வேண்டும்.

நின்ற இடத்திலேயே முடிவு செய்வது இன்னொரு தப்பு. நத்தம் ரோடு மேம்பாலத்தில் ஏறினால் சுமார் ஏழு கிலோமீட்டருக்கு டிராஃபிக் சிக்னல் தொல்லை இல்லை. ஏசியை ஏற்றிவைத்து 60-இல் ஓட்டிக் கேளுங்கள். டயர் இரைச்சல் முதலில் விழுங்குவது பேஸைத்தான். யார்டில் "கொஞ்சம் ஓவரா இருக்கே" என்று தோன்றியது ரோட்டில் சரியாக இருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க "ஙீ..." என்று ஒரு விசில் ஏறினால், யாரோ வயரிங்கில் கை வைத்திருக்க வாய்ப்புண்டு. செட்டை மாற்றியிருந்தால் கம்பெனி வயர் இணைப்பான கப்ளரை வெட்டி டேப் சுற்றியிருக்கிறார்களா, ஸ்டியரிங் பட்டன் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

என் மச்சான் கேட்டான்: "பிராண்டு செட்டு இல்லாத வண்டிய எடுத்து நாமளே போட்டுக்கிட்டா என்ன மாமா?" நியாயமான கேள்விதான். போஸ் போன்ற செட்டுகளில் ஆம்ப்ளிஃபையர் தனியாக இருக்கும், ஸ்பீக்கரின் ஓமும் (மின்தடை அளவு) பெரும்பாலும் குறைவு. ஒரு ஸ்பீக்கர் போனால் கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அந்த மூலை மட்டும் முனகும். சாதாரண நாலு ஸ்பீக்கர் காரில் முன்னால் நல்ல ஜோடி ஒன்று போட்டாலே கேட்க சுகமாகிவிடும். அதனால் டாப் வேரியண்டுக்கு அதிகம் கேட்கிறார்கள் என்றால், அதில் செட்டுக்காக நீங்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று தனியாகக் கணக்குப் போடுங்கள். சன்ரூஃபும் ஏர்பேகும் வேண்டுமென்றால் அது வேறு கதை.

ஒரு ஸ்பீக்கர் செத்திருப்பதைக் கண்டுபிடித்தால் யார்டில் உடனே வாயைத் திறக்காதீர்கள். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு அந்த வேரியண்டின் ஒரிஜினல் பார்ட் விலையைக் கேட்டுக்கொண்டு, பிறகு பேரத்துக்கு உட்காருங்கள்.