கிளாசிக் 350 வண்டிக்குப் பேக்ரெஸ்ட்டும் கேரியரும் பொருத்தும் முறை

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியில் பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ள ஒரு பேக்ரெஸ்ட்டையும், அதற்குப் பின்னே பை வைக்க ஒரு கேரியரையும் பொருத்துவது வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதான். ஆனால் அந்த நேரத்தில் நாம் கழற்றி மாட்டும் போல்ட்டுகள் பின்பக்க மட்கார்டையும், கடையில் கிடைக்கும் சில பொருத்தும் தொகுப்புகளில் (கிட்) ஷாக் அப்சார்பரின் மேல்முனையையும் தாங்குபவை. ஆகவே பொறுமை இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது வண்டியின் ஆண்டு. 2021-ஆம் ஆண்டு வெளிவந்த புதிய கிளாசிக்கின் ஃப்ரேம் பழையதிலிருந்து முற்றிலும் வேறானது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருப்பதால் பழைய வண்டிக்கான தொகுப்பைப் புதிய வண்டிக்குக் கொடுத்துவிடும் தவறு எளிதில் நேரும். அடுத்து, பளபளப்பைப் பார்க்காமல் அடித்தகட்டைப் பாருங்கள். குழாயும் தகடும் சேரும் இடத்தில் வெல்டிங் சுற்றிலும் முழுமையாக ஓடியிருக்க வேண்டும். இரண்டு புள்ளிகளில் மட்டும் ஒட்டவைத்திருந்தால் அது அழகுப் பொருளே தவிரச் சுமை தாங்காது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மலிவான குரோம் பூச்சைத் தவிர்த்துக் கறுப்புப் பவுடர் கோட்டிங் உள்ளதையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சீட்டைக் கழற்றுங்கள். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, அதனுடன் எத்தனை வாஷர், எந்த வரிசையில் புஷ் (போல்ட் நுழையும் குட்டைக் குழாய்) இருந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது பின்னால் பெரிய உதவி. ஷாக் அப்சார்பரின் போல்ட்டைத் தொட வேண்டியிருந்தால், சக்கரம் கீழே இறங்காதபடி டயருக்கு அடியில் மரக்கட்டையை அண்டக்கொடுத்து, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பின்னரே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும்.

புதிதாக ஒரு தகடு இடையில் வருவதால் பழைய போல்ட்டின் நீளம் போதாமல் போகலாம். எட்டு மில்லிமீட்டர் போல்ட் என்றால் மரையில் குறைந்தது எட்டு மில்லிமீட்டராவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அதே சமயம் அளவுக்கு மீறி நீண்டால், குழியில் வண்டி இறங்கும்போது டயர் அதன் முனையில் உரசும். மட்கார்டைத் துளைத்துச் செல்லும் போல்ட்டுகளை, தலை டயர்ப் பக்கமும் நட் வெளிப்பக்கமும் இருக்கும்படி மாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வேலையின் உயிர்நாடி ஒன்று உண்டு: எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகி நிறுத்திவிட்டு, கேரியரை அசைத்து இயல்பாக உட்கார வைத்த பிறகே ஒவ்வொன்றாக, இடமும் வலமும் மாற்றி மாற்றி, இறுக்க வேண்டும். என் முதல் வண்டியில் மூன்று போல்ட்டுகள் சேர்ந்து, நான்காவது துளை அரை விரல் தள்ளி நின்றது. பொருத்தியவர் கடப்பாறையால் நெம்பிச் சேர்த்து முறுக்கினார். இரண்டு மாதத்தில் வெல்டிங் அருகே கீறல் விட்டது. இழுத்துப் பொருத்திய இரும்பு, சுமை ஏறுவதற்கு முன்பே பாரம் சுமந்துகொண்டிருக்கிறது. துளை சேரவில்லை என்றால் தொகுப்பைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது இடைவெளிக்கு ஏற்ற புஷ் போடுங்கள்.

இறுக்கத்தின் அளவைப் பொறுத்தவரை, ஷாக் அப்சார்பர் போல்ட்டுக்குச் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. 8.8 என்ற வலிமைத் தர எண்ணைத் தலையில் பொறித்த எட்டு மில்லிமீட்டர் எஃகு போல்ட்டுகளுக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் அளவு போதும். மரையில் ஒரு சொட்டு நீல நிற த்ரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) விடலாம். நைலான் பதித்த நட்டாக இருந்தால் கழற்றிய பழையதை மறுபடி போடாமல் புதியதை வாங்குங்கள்.

சில தொகுப்புகள் பக்கவாட்டுக் கைப்பிடியையோ சேலை கார்டையோ கழற்றச் சொல்லும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்கு நிலையான கைப்பிடியும், கால்வைக்கும் இடமும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் வேண்டும் என்கிறது. பேக்ரெஸ்ட் சாய்வதற்கு உரியது. அது கைப்பிடி ஆகாது. வைத்த பை பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கிறதா என்பதையும் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிடுங்கள்.

கேரியரில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அதனுடன் வரும் குறிப்பே வரம்பு. பல கேரியர்கள் ஐந்து முதல் பத்து கிலோவுக்கே செய்யப்பட்டவை. அந்தப் பத்து கிலோவும் பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் தொங்குவதாக வைத்துக்கொண்டால், 1,390 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி கொண்ட இந்த வண்டியில் முன்சக்கரத்தின் பாரம் ஏறக்குறைய மூன்று கிலோ குறைந்து, பின்சக்கரத்தில் பதின்மூன்று கிலோ கூடும். ஹேண்டில்பார் இலேசாக அலைவதாகத் தோன்றுவது இதனால்தான். மழைக்கோட்டு, துணிகள் போன்றவற்றைக் கேரியரிலும், தண்ணீர், கருவிகள் போன்ற கனமானவற்றைப் பக்கவாட்டுப் பைகளிலும் வைப்பதே முறை. இருவருடன் சுமையும் ஏறும்போது ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை இரு பக்கமும் ஒரே அளவில் கூட்டி, பின்டயரில் இருவருக்கான காற்றழுத்தத்தை நிரப்புங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைவிடப் பட்டையான நாடா மேலானது. அதன் மிச்ச நுனியைச் செயினுக்கு எட்டாதபடி செருகிவிட வேண்டும்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை சோதித்து, தலையிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அதன்பின் வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் கோடு முறிந்திருக்கிறதா என்று பார்த்தாலே எந்த போல்ட் தளர்ந்தது என்பது தெரிந்துவிடும்.