குழந்தை கண்ணுல டிஸ்க் வீங்கின மாதிரி தெரியுதா? எங்க ஆரம்பிக்கணும்

கண்ணாடி பவர் பாக்க வந்த புள்ளைக்கு சொட்டு மருந்து விட்டு உள்ள பாத்தா டிஸ்க் (கண்ணுக்குள்ள பின்னாடி தெரியுற கண் நரம்போட வட்ட முனை) ஓரம் மங்கலா இருக்கு, அடுத்து என்ன பண்றதுன்னு ஓபிடில புதுசா உக்கார்ற பிஜி (மேற்படிப்பு) பசங்க அடிக்கடி கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல பிபி பாருங்க. கண் ஓபிடியா இருந்தாலும் சரி, புள்ளை கைக்கு பொருந்துற சின்ன கஃப் எங்க இருக்குன்னு தேடி எடுத்து பாருங்க, ஏன்னா கிட்னி கோளாறுல பிபி எகிறிப்போன குழந்தைக்கும் டிஸ்க் இப்படி வீங்கும், ரெண்டு நிமிஷ வேலை, இதை விட்டுட்டு நேரா ஸ்கேனுக்கு எழுதுனா எனக்கு மனசே கேக்காது.

அப்புறம் அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க. காலைல எந்திரிச்சதும் தலைவலியா, வாந்தி வருதா, குனிஞ்சு நிமிர்ந்தா ஒரு நொடி கண்ணு இருட்டுதா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதா, நடை தள்ளாடுதா. மருந்தையும் கேளுங்க, பருவுக்கு டாக்ஸிசைக்ளின் இல்ல ஐசோட்ரெட்டினாயின், அளவுக்கு மீறி விட்டமின் ஏ, ரொம்ப நாள் குடுத்த ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்துனது, இதெல்லாம் தலைக்குள்ள பிரஷரை ஏத்தும்.

பார்வை 6/6 இருக்கேன்னு நிம்மதியாயிடாதீங்க, தலைக்குள்ள பிரஷர்னால வர்ற வீக்கத்துல ஆரம்பத்துல பார்வை நல்லாவே இருக்கும். பார்வை சட்டுனு இறங்கி, சிவப்பு கலர் வெளிறி, கண்ண அசைச்சா வலிக்குதுன்னா நியூரைட்டிஸ் (கண் நரம்பு அழற்சி) பக்கம் யோசிங்க, சின்ன புள்ளைங்களுக்கு அது ரெண்டு கண்லயும் சேந்தே வரலாம், மாக் (MOG, நரம்போட உறையைத் தாக்குற) ஆன்டிபாடி டெஸ்ட்டும் அனுப்புங்க. கண்ணு வெளிப்பக்கம் முழுசா போகலைன்னா ஆறாவது நரம்பு அடிவாங்கியிருக்கு, அது தலைக்குள்ள பிரஷருக்கு பெரிய துப்பு.

இப்ப டிஸ்க். எல்லாரும் ஓரத்தையே பாப்பாங்க, நான் ரத்தக்குழாயத்தான் பாப்பேன். ஓரத்தை தாண்டுற இடத்துல குழாய் பஞ்சுக்குள்ள போன நூல் மாதிரி மறைஞ்சு மறைஞ்சு தெரிஞ்சா அது நிஜ வீக்கம், பக்கத்துல ரத்தக்கசிவும் இருந்தா சந்தேகம் இன்னும் வலுக்கும். டிஸ்க் மேடா இருந்தும் குழாய் தெளிவா ஓடுது, டிஸ்க் சின்னது, நடுவுல குழியே இல்ல, புள்ளைக்கு ப்ளஸ் பவர் வேற, அப்படின்னா பொய் வீக்கமா இருக்க வாய்ப்பு அதிகம். சிரை தானா துடிக்கிறது தெரிஞ்சா கொஞ்சம் ஆறுதல், தெரியலைன்னா அதை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, நல்லா இருக்கவங்கள்லயும் சில பேருக்கு தெரியாது.

பொய் வீக்கத்துக்கு முக்கிய காரணம் ட்ரூசன், அதாவது டிஸ்க்குக்குள்ள சேர்ற சின்னச் சின்ன படிவு. குழந்தைங்களுக்கு அது ஆழத்துல புதைஞ்சு கிடக்கும், ஆட்டோஃப்ளோரசன்ஸ் (ட்ரூசன் தானா ஒளிர்றதை பிடிக்கிற) போட்டோல சிக்காது, பி-ஸ்கேன்ல (கண் அல்ட்ராசவுண்ட்) கெய்னை (எதிரொலியை பெருக்குற அளவை) குறைச்சுக்கிட்டே வந்தாலும் ஒரு புள்ளி மட்டும் பளிச்சுன்னு நிக்கும், அதான் சுண்ணாம்பு படிஞ்ச ட்ரூசன். ஆனா சின்ன வயசுல சுண்ணாம்பு படியாமலும் இருக்கும், அதனால பி-ஸ்கேன் சுத்தம்னாலும் ட்ரூசன் இல்லன்னு சொல்லிட முடியாது. ஓசிடில (ஒளியால அடுக்கடுக்கா எடுக்குற ஸ்கேன்) நரம்பு தடிமன் ஒரு தடவை அதிகமா வந்தா அதை மட்டும் நம்பாதீங்க, ட்ரூசன்லயும் தடிமனா வரும்.

நிஜ வீக்கம்னு தோணுனா அன்னைக்கே அட்மிட் பண்ணி எம்ஆர்ஐ, கூடவே மூளையோட சிரை அடைப்பு பாக்க எம்ஆர்வி. ஸ்கேன்ல கட்டி இல்லன்னு தெரியாம முதுகுல ஊசி போட்டு உள்ள இருக்க தண்ணி பிரஷரை பாக்கவே கூடாது. ஊசி போடும்போது புள்ளை ஒருக்களிச்சு படுத்து அழாம இருக்கணும், அழுதா பிரஷர் பொய்யா ஏறும். 25 செமீ தண்ணி அளவுக்கு மேல போனா அதிகம், மயக்க மருந்து குடுத்திருந்தாலோ குண்டான புள்ளையா இருந்தாலோ 28.

பொய் வீக்கம்னே தோணுனாலும் போட்டோ எடுத்து வச்சுட்டு சில வாரத்துல திரும்ப வரச்சொல்லி ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. நடுவுல தலைவலியோ வாந்தியோ வந்தா தேதிக்கு காத்திருக்காம உடனே தூக்கிட்டு வரணும்னு அம்மாகிட்ட சொல்லி, சீட்டுலயும் தமிழ்ல எழுதிக் குடுத்துடுங்க.