முருங்கை இலைச்சாறு பிடிஐயை மறிக்குதோ எண்டு இன்சுலினை வைச்சுப் பாக்கிறது எப்பிடி

கம்பஸ் ப்ரொஜெக்டுக்கு முருங்கை இலையை எடுக்கிற பிள்ளையள் கூடுதலா ஆன்டிஒக்சிடன்ட் டெஸ்டோட நிப்பாட்டிடுவினம். அதே சாறில இதையும் ஒருக்கா பாருங்கோ.

பிடிஐ (புரோட்டீன் டைசல்ஃபைட் ஐசொமெரேஸ்) ஒரு என்சைம், புரோட்டீன் மடியேக்க டைசல்ஃபைட் பிணைப்பு (ரெண்டு சல்ஃபர் அணுவுக்கு இடையில உள்ள பிணைப்பு) பிழையான இடத்தில விழுந்தா பிரிச்சு சரியா மாத்திப் போடுறதுதான் அதின்ர வேலை. காயம்பட்ட ரத்தக் குழாயில அது கலத்துக்கு வெளியாலயும் வந்து ரத்தம் உறைய உதவுது, அதாலதான் மருந்து தேடுற ஆக்கள் அதில கண் வைச்சிருக்கினம். ரூட்டின் எண்ட தாவரச் சேர்மம் பிடிஐயை மறிச்சு எலியில ரத்தக்கட்டியைக் குறைக்குதெண்டு 2012இல காட்டினவை, முருங்கை இலையில இருக்கிற குவர்செட்டின் கிளைக்கோசைட்டுகளும் ரூட்டின்ர சொந்தக்காரர்தான்.

டைசல்ஃபைட் பிணைப்பு உடைஞ்சு இன்சுலின்ர ரெண்டு சங்கிலியும் பிரிஞ்சா பி சங்கிலி திரண்டு அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கலங்கும். டிடிடி (அந்தப் பிணைப்பை உடைக்கிற கெமிக்கல்) தனியவே இதை மெதுவாச் செய்யும், பிடிஐ இருந்தா கெதியா நடக்கும். அந்தக் கெதியைத்தான் சாறு குறைக்குதோ எண்டு பாக்கோணும்.

இன்சுலின் பவுடர் நேர கரையாது. பிஎச் 8 ட்ரிஸ் பஃபரில போட்டு எச்சிஎல் விட்டு 2, 3 மட்டுக்கு இறக்குங்கோ, தெளிஞ்ச உடன சோடியம் ஹைட்ரொக்சைட் விட்டு திரும்ப 8க்கு ஏத்துங்கோ, இடையில 5 தாண்டேக்க வெள்ளையாப் படியும், பயப்பிடாமல் கெதியாத் தாண்டினா சரி. ஃபார்மசி இன்சுலின் வேண்டாம், அதுக்குள்ள சிங்க், கிரிசோல் எல்லாம் கிடக்கும்.

பிறகு 100 மில்லிமோலார் பொஸ்பேற்று பஃபர் பிஎச் 7, 2 மில்லிமோலார் ஈடிடிஏ (உலோக அயனைப் பிடிக்கிறது), இன்சுலின் மில்லிலீட்டருக்கு 1 மில்லிகிராம் மட்டில, பிடிஐ, சாறு எல்லாம் கலந்து கடைசியா டிடிடி, அது அண்டைக்கு கரைச்சதா இருக்கோணும். 650 நனோமீட்டரில நிமிசத்துக்கு ஒருக்கா வாசியுங்கோ.

இதிலதான் கன பேர் மாட்டுப்படுறது. 650க்கு கிட்டத்தான் குளோரோபிலும் ஒளியை உறிஞ்சும், எத்தனோல் சாறு எண்டா பச்சையே வாசிப்பைக் கூட்டிப் போடும். தண்ணிச் சாறு எடுங்கோ, இல்லாட்டி 550 பக்கம் வாசியுங்கோ, கலங்கல் அங்கயும் வடிவாத் தெரியும். சாறு மட்டும் போட்ட பிளாங்க் கட்டாயம்.

கலங்கல் குறைஞ்ச உடன மருந்து கண்டுபிடிச்சாச்செண்டு துள்ளாதேங்கோ. பிடிஐ இல்லாமல் இன்சுலின், டிடிடி, சாறு மட்டும் வைச்சு ஓட்டுங்கோ, அதுவும் குறைஞ்சா பிடிஐயில பழி போடேலாது. சாறு டிடிடியைத் திண்டிருக்கலாம் (டிடிடி மாதிரித் தயோலோட சேர்ந்து மஞ்சளாகிற எல்மன் ரீஏஜன்ட் போட்டு 412 நனோமீட்டரில பாத்தா தெரியும்), டனின் இன்சுலினைப் பிடிச்சிருக்கலாம். ஒப்பிட சுத்தமான ரூட்டின் வையுங்கோ. பிடிஐயை மறிக்க பசிட்ரசின் எண்ட அன்டிபயோட்டிக்கும் பாவிக்கிறவை, ஆனா அது மில்லிமோலார் அளவில போட்டாத்தான் வேலை செய்யும், எனக்கு அதில நம்பிக்கை குறைவு.

மற்றது, இந்த டெஸ்ட் பாக்கிறது பிணைப்பை உடைக்கிற வேலையை மட்டும்தான். திருப்பி மடிக்கிறதையும் மறிக்குதோ எண்டு அறிய, பிணைப்பு குழம்பி வேலை செய்யாமல் இருக்கிற ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏயை வெட்டுற என்சைம்) எடுத்து, அது பிடிஐயோட உயிர்க்கிற கெதியை சாறு போட்டும் போடாமலும் அளக்கோணும்.