வெள்ளைக்கழிச்சல் வைரஸ்: தடுப்பூசி இரகத்தையும் வீரிய இரகத்தையும் பிரித்தறியும் முறை

லசோட்டா தடுப்பூசி போட்ட பண்ணையிலும் கோழிகள் பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கி மடியும்போது, அவற்றில் காணப்படும் வைரஸ் தடுப்பூசியினுடையதா, வெளியிலிருந்து நுழைந்த, கடும் நோய் உண்டாக்கும் வீரிய இரகமா என்பதை ஆய்வகச் சோதனையே தெளிவாக்கும்.

தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, குளிர்நிலையில் அனுப்ப வேண்டும். அதை 9 முதல் 11 நாள் வயதுடைய கருமுட்டைகளில் செலுத்தி வைரஸை வளர்த்து, இரத்த அணுத் திரட்சித் தடுப்புச் சோதனையால் அடையாளம் காணலாம்; ஆனால் அது வீரியத்தைக் காட்டாது.

வீரியத்தைத் தெரிவிப்பது வைரஸின் மேலுறையிலுள்ள எஃப் புரதத்தின் பிளவிடமே, அதாவது கோழியின் நொதிகள் அப்புரதத்தை வெட்டும் இடமே. ஆர்டி-பிசிஆர் (வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும் சோதனை) மூலம் அப்பகுதியின் மரபணுவைப் பெருக்கி மரபு வரிசையைப் படிக்கையில், புரதத்தின் 113 முதல் 116 வரையுள்ள அமினோ அமில இடங்களில் குறைந்தது மூன்று ஆர்ஜினின் அல்லது லைசினும், 117ஆம் இடத்தில் ஃபினைல்அலனினும் இருந்தால் அது வீரிய இரகம்; லசோட்டாவில் 117ஆம் இடத்தில் லியூசின் இருக்கும். ஒரு நாள் குஞ்சுகளின் மூளையில் செலுத்திக் கணக்கிடும் குறியீடு 0.7 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் வீரியம் உறுதியாகும்.

இந்தியாவில் வளர்ந்த கோழிகளுக்குப் போடப்படும் ஆர்2பி தடுப்பூசி இரகத்தின் பிளவிடமும் வீரிய வடிவிலேயே இருப்பதை மறக்கவே கூடாது. எனவே தடுப்பூசியின் பெயரையும் போட்ட தேதியையும் மாதிரியுடன் எழுதி அனுப்புங்கள். அண்மையில் ஆர்2பி போட்டிருந்தால், எஃப் மரபணு முழுவதையும் படித்து அந்த இரகத்தோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு கூற வேண்டும்.